சோர்ந்து போன நாளுக்கு ஒரு பானை பருப்பு அரிசிக் கஞ்சி: அடுப்புல ஏத்துறதுல இருந்து ஜெபம் வரைக்கும் முழு வழிகாட்டி

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு அப்படியே தூங்கிப் போனார்ல, அந்த இடத்தை (1 இராஜாக்கள் 19) சின்ன வயசுல இருந்து எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், ஆனா அங்க வந்த தூதன் முதல் வேலையா என்ன பண்ணினான்னு கவனிச்சதே இல்ல. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடுன்னான். தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் இருந்துச்சு. எலியா சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துட்டார், அதுக்கும் ஒரு வார்த்தை திட்டு இல்ல, ரெண்டாவது தடவையும் தட்டி எழுப்பி இன்னும் சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் ரொம்பன்னுதான் சொன்னான். அந்தச் சாப்பாட்டு பெலத்துல 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் "இங்கே உனக்கு என்ன காரியம்"னு கர்த்தர் கேட்டார்.

எங்க அம்மா போனதுக்கு அப்புறம் மூணு வாரம் நான் அடுப்பே பத்த வைக்கல. பிஸ்கட், டீ, அவ்வளவுதான். பைபிள் திறந்தா எழுத்து கண்ணுக்குத் தெரியும், மண்டைக்குள்ள போகாது. ஒருத்தர் வந்து விசுவாசம் குறைஞ்சா இப்படித்தான் ஆகும்னு சொல்லிட்டுப் போனார், அன்னைக்கு ராத்திரி முழுக்க அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். அதே வாரம் சபையில இருந்து ஒரு அக்கா ஒரு தூக்குவாளி நிறைய கஞ்சி கொண்டு வந்து வாசல்ல வெச்சிட்டுப் போனாங்க, மூடி மேல துண்டு சுத்திக் கட்டி, அதுல ஒரு சீட்டு. ஏதாவது வசனம் இருக்கும்னு நினைச்சுப் பிரிச்சா, "ஆறியிருந்தா சுடுதண்ணி ஊத்திக் கலக்கிக்கோ"ன்னு மட்டும்தான் எழுதியிருந்துச்சு. நின்னபடியே கரண்டியால எடுத்துச் சாப்பிட்டேன். அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப நாள் கழிச்சு ஜெபம் பண்ண முடிஞ்சுது, அதுவும் அழுகைதான், ஆனா அது ஜெபம்னு எனக்கே தெரிஞ்சுது.

அதனால இந்த வழிகாட்டில சமையலையும் ஜெபத்தையும் நான் பிரிச்சு எழுதல. முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் மத்த எல்லாம், இதைத்தான் நான் சொல்ல வர்றேன், ஏன்னா ஆண்டவரே அந்த வரிசையிலதான் செஞ்சிருக்கார்.

என்னென்ன வேணும்

மூணு நாலு பேருக்கு வர்ற அளவு இது. ஒரு கப்னா 240 மில்லி.

அரிசி முக்கால் கப், மைசூர் பருப்பு அரை கப், தண்ணி 7 கப் (குக்கர்னா அஞ்சரை போதும்), பெரிய வெங்காயம் ஒண்ணு, பூண்டு நாலு பல், கட்டை விரல் நுனி அளவு இஞ்சி, கேரட் ஒண்ணு, சீரகம் ஒரு டீஸ்பூன், மஞ்சத்தூள் கால் டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், எண்ணெய் இல்லன்னா வெண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன், கடைசியில பிழிய அரை எலுமிச்சம்பழம்.

இதுல பாதி இல்லன்னாலும் பரவால்ல. அரிசி, பருப்பு, உப்பு, தண்ணி, வெங்காயம் இந்த அஞ்சும் இருந்தா கஞ்சி வந்துரும், மத்ததெல்லாம் இருந்தா சந்தோஷம். கேரட் இல்லன்னு கடைக்கு ஓடாதீங்க, சோர்ந்து இருக்கிற நாள்ல கடைக்குப் போறதுதான் சமைக்கிறதை விடப் பெரிய வேலை.

மைசூர் பருப்பை ஏன் சொல்றேன்னா அது தோல் நீக்கி உடைச்ச பருப்பு, ஊற வைக்க வேணாம், சாதாரண பாத்திரத்துலயே 20 நிமிஷத்துல குழைஞ்சிரும். ஏசா தன் சேஷ்டபுத்திர பாகத்தையே, அதாவது மூத்த மகனுக்கு வர்ற உரிமையையே, வித்துட்டுச் சாப்பிட்டது பயறு போட்ட கூழ், அதோட நிறத்தை வெச்சு "அந்தச் சிவப்பானது"ன்னுதான் கேட்பான் (ஆதியாகமம் 25). அந்தக் கதையில எல்லாரும் ஏசாவைத்தான் குறை சொல்லுவாங்க, சரிதான், ஆனா எனக்கு வேற ஒண்ணு தோணும். வெளியில இருந்து களைச்சு வந்து பசி உயிரை வாங்கும்போது ஒருத்தன் எடுக்கிற முடிவு எப்படி இருக்கும்னு அதுல அப்படியே தெரியுது. பசியோட பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க, வேலையை விடுறது, சண்டை போட்டவங்களுக்கு நீளமா மெசேஜ் அனுப்புறது, எதுவா இருந்தாலும் ஒரு தட்டு சாப்பிட்டதுக்கு அப்புறம் பாருங்க.

முதல் படி: கழுவுறது

அரிசியையும் பருப்பையும் ஒண்ணாவே போட்டுக் கழுவலாம். முதல் தண்ணி பால் மாதிரி வெள்ளையா கலங்கி இருக்கும், கையால மெதுவா அலசி ஊத்திட்டு மறுபடி, நாலாவது தடவை தண்ணி ஓரளவு தெளிஞ்சிரும். முழுசா தெளியணும்னு நிக்க வேணாம், கஞ்சிக்கு அந்த மாவுச்சத்து கொஞ்சம் இருந்தாதான் கொழகொழன்னு வரும்.

ஜெபம் பண்ணத் தெரியல, வார்த்தை வரலன்னு இருக்கிறவங்களுக்கு இந்த இடம் ரொம்ப உதவும். ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு பேரு. முதல் தண்ணி ஊத்தும்போது எனக்காக, அடுத்ததுல வீட்டுல இருக்கிறவங்க, அடுத்தது உடம்பு சரியில்லாத யாராவது, கடைசித் தண்ணியில நான் கோபமா இருக்கிற ஆள். பேரை மட்டும் சொல்லுங்க, வாக்கியமா எதுவும் வேணாம். கை ஒரு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா மனசு அங்க இங்க ஓடுறது கொஞ்சம் குறையுது, இது நான் வருஷக்கணக்கா அனுபவிச்சுப் பார்த்தது.

ரெண்டாவது படி: வெங்காயம்

இதுலதான் ருசியே இருக்கு, இதுக்கு மட்டும் அவசரப்படாதீங்க. அடிகனமான பாத்திரத்துல எண்ணெய் விட்டு, சூடானதும் சீரகம் போடுங்க, வெடிச்சு வாசனை வந்ததும் பொடியா நறுக்கின வெங்காயமும் ஒரு சிட்டிகை உப்பும். உப்பு போட்டா வெங்காயத்துல இருக்கிற தண்ணி வெளிய வரும், அதனால கருகாம வதங்கும். தீ மிதமா இருக்கணும். முதல் ரெண்டு நிமிஷம் சும்மா சலசலன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும், அப்புறம் சத்தம் அடங்கும், வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், ஓரத்துல மட்டும் லேசா தேன் நிறம் வரும், அதுவரைக்கும் எட்டுப் பத்து நிமிஷம். அந்தத் தேன் நிறம் வந்ததும் தட்டின பூண்டும் இஞ்சியும் போட்டு ஒரே ஒரு நிமிஷம்தான். பூண்டு சீக்கிரம் கருகும், கருகினா மொத்தப் பானையும் கசக்கும், அப்படி ஆச்சுன்னா அந்தப் பூண்டை எடுத்துப் போட்டுட்டு வேற போடுங்க, எப்படியும் போகட்டும்னு தொடராதீங்க.

வெங்காயம் உரிக்கும்போது அழுகை வந்தா அழுதுருங்க. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. சங்கீதக்காரன் ராத்திரி பகலா தன் கண்ணீரே தனக்கு உணவாச்சுன்னு சொல்றான் (சங்கீதம் 42), இன்னொரு சங்கீதத்துல சாப்பிடவே மறந்துட்டேன்னு வருது (102). சாப்பாடு மறந்துபோற அளவுக்கு மனசு உடைஞ்சவங்களோட ஜெபம் வேதத்துக்குள்ளயே இருக்கு. அம்மா போன சமயத்துல இது எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ஒரு ராத்திரியாவது நிம்மதியா தூங்கியிருப்பேன்.

மூணாவது படி: கொதிக்க விட்டுக் காத்திருக்கிறது

மஞ்சத்தூள், நறுக்கின கேரட், கழுவின அரிசி பருப்பு எல்லாம் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி 7 கப் தண்ணி ஊத்துங்க. தீயைக் கூட்டிக் கொதி வந்ததும் மேல வெள்ளையா நுரை கட்டும், அது பருப்புல இருந்து வர்றது, கெடுதல் இல்ல, ஆனா பொங்கி ஸ்டவ் மேல வழியும், கரண்டியால எடுத்துப் போட்டா கஞ்சி பாக்கவும் நல்லா இருக்கும். அப்புறம் தீயைக் குறைச்சு, மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி வெச்சு 30ல இருந்து 35 நிமிஷம். மீதி உப்பைப் பாதி வெந்ததும் போடுங்க.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடியைத் தொட்டுக் கிண்டணும். கடைசிப் பத்து நிமிஷத்துல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஏன்னா கெட்டியாக ஆரம்பிச்சா அடிபிடிக்கிறதும் அப்பதான்.

எலுமிச்சை, தக்காளி மாதிரி புளிப்பு எதையும் இப்ப போடாதீங்க. புளிப்பு சேர்ந்தா பருப்பு மசியறதுக்கு ரொம்ப நேரம் எடுக்கும். ரொம்ப நாள் டப்பாவுல கிடந்த பருப்பும் அப்படித்தான், எவ்வளவு கொதிச்சாலும் விறைப்பாவே நிக்கும், தப்பு உங்க மேல இல்ல, அடுத்த தடவை புதுப் பருப்பு வாங்கிக்கோங்க.

குக்கர்ல வைக்கிறதா இருந்தா வெங்காயம் வதக்கினதுக்கு அப்புறம் அஞ்சரை கப் தண்ணி, மொத்த உப்பும் சேர்த்து மிதமான தீயில நாலு விசில், பிரஷர் தானா அடங்கட்டும். பாதி குக்கருக்கு மேல நிரப்பாதீங்க, பருப்பு நுரைச்சு விசில் ஓட்டையை அடைச்சிரும்.

இந்த அரைமணி நேரம் போனை எடுக்காம அடுப்புப் பக்கத்துலயே ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க. ஒரே ஒரு சங்கீதம் போதும். 23, 121, இல்ல இருட்டாவே இருக்கிற நாளா இருந்தா 88, அது கடைசி வரைக்கும் வெளிச்சமே வராம முடியுற சங்கீதம், அதையும் வேதத்துல வெச்சிருக்காங்க பாருங்க. சத்தமா வாசிங்க, ஒரு தடவை கிண்டுங்க, மறுபடி வாசிங்க.

வசனத்தைப் பத்தி ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன். நாம அடிக்கடி சொல்ற சில வசனங்களுக்கு முன்னாடி பின்னாடி இருக்கிறதையும் சேர்த்து வாசிச்சா ஆறுதல் குறையாது, கூடத்தான் செய்யும். எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் பத்தி எரேமியா 29:11ல வர்ற வாக்கு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதின கடிதத்துல இருக்கு, அதுக்கு முந்தின வசனமே 70 வருஷம் ஆகும்னு சொல்லுது, அதுவரைக்கும் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதுல விளையறதைச் சாப்பிடுங்கன்னு அதே அதிகாரத்துல அஞ்சாம் வசனம். நாளைக்கே எல்லாம் சரியாயிரும்னு அதுல இல்ல, காத்திருக்கிற வருஷத்துலயும் தோட்டம் போட்டுச் சாப்பிடச் சொல்ற ஆண்டவர் இருக்கார். அதே மாதிரிதான் எல்லாத்தையும் செய்ய எனக்குப் பெலனுண்டுன்னு பவுல் எழுதினது (பிலிப்பியர் 4:13), பெரிய சாதனை பண்றதைப் பத்திப் பேசும்போது இல்ல, அவர் காவல்ல இருந்துக்கிட்டு திருப்தியா சாப்பிடவும் பட்டினி கிடக்கவும் பழகிக்கிட்டேன்னு சொன்ன கையோட சொன்னது. அடுப்புப் பக்கத்துல உக்காந்து வாசிக்க இதை விடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியல.

நாலாவது படி: இறக்குறது, சாப்பிடுறது

அரிசி விரல்ல நசுக்கினா மாவா போகணும், பருப்பு இருக்கிற இடமே தெரியக் கூடாது, கரண்டியில எடுத்து விட்டா தடிமனா ஒழுகணும். அப்ப அடுப்பை அணைச்சிட்டு மிளகுத்தூளைப் போட்டு மூடி பத்து நிமிஷம் விட்டுருங்க. சாப்பிடும்போது எலுமிச்சை நாலு சொட்டு, மேல கொஞ்சம் வெண்ணெய். ஆற ஆற கெட்டியாகிக்கிட்டே போகும், சுடுதண்ணி பக்கத்துல இருக்கட்டும்.

உடம்பு சரியில்லாதவங்களுக்குன்னா மிளகையும் எண்ணெயையும் பாதியாக் குறைச்சு, தண்ணி ஒரு கப் கூட ஊத்துங்க. வாந்தி நின்ன அன்னைக்கே ஒரு தட்டு நிறையக் கொடுக்காதீங்க, ரெண்டு ஸ்பூன், பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டு ஸ்பூன். யவீருவோட மகளை இயேசு உயிரோட எழுப்பினதும், எல்லாரும் பிரமிச்சு நிக்கும்போது, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கன்னு சொன்னார் (மாற்கு 5:43). அவ்வளவு பெரிய அற்புதம் நடந்த வீட்டுல அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும்னு நினைச்சவர் அவர் ஒருத்தர்தான், இந்த வசனத்துக்கு வந்தா நான் ஒவ்வொரு தடவையும் நின்னுருவேன்.

சாப்பிடுறதுக்கு முன்னாடி நீளமா ஜெபம் பண்ணணும்னு இல்ல. ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை, கஞ்சி சூடா இருக்கும்போதே.

ஏதாவது சொதப்பினா

அடிபிடிச்சிருச்சுன்னா உடனே கிண்டுறதை நிறுத்துங்க, அடியைச் சுரண்டினா தீஞ்ச வாசனை முழுசுக்கும் ஏறிரும். மேல இருக்கிறதை மட்டும் மெதுவா வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு ருசி பாருங்க, பெரும்பாலும் தப்பிச்சிரும். உப்பு அதிகமாயிருச்சுன்னா உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்கும்னு சொல்லுவாங்க, அது பெருசா எதையும் இழுக்காது, உப்பில்லாம வடிச்ச சாதமும் சுடுதண்ணியும் சேர்த்து அளவைக் கூட்டுறதுதான் வழி. எலிசா தீர்க்கதரிசி காலத்துல ஒரு பானைக் கூழ்ல தெரியாம விஷக் காட்டுக்காயைப் போட்டுட்டு "பானையில் சாவு இருக்கிறது"ன்னு கத்தினப்போ அவர் மாவு கொண்டு வரச் சொல்லி அதுல போட்டு அதையே எல்லாருக்கும் பரிமாற வெச்சார் (2 இராஜாக்கள் 4), பஞ்சகாலம் அது, பானையைக் கவுத்துடல.

மீந்ததுதான் முக்கியம். சாதம், கஞ்சி இதுல ஒரு கிருமியோட விதை மாதிரியான வித்துகள் கொதிச்சாலும் சாகாம இருக்கும், வெளியிலேயே மணிக்கணக்கா வெச்சா மறுபடி பெருகும், அப்புறம் சூடு பண்ணினாலும் அது விட்ட நச்சு போகாது. அதனால ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அகலமான சின்னப் பாத்திரங்கள்ல ஆற வெச்சு ஃப்ரிட்ஜுக்குப் போயிரணும், அடுத்த நாளே ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டுருங்க. அதுக்கு மேல வேணும்னா முதல் நாளே ஃப்ரீசர்ல. வனாந்தரத்துல ஆண்டவர் கொடுத்த மன்னாங்கிற ஆகாரத்தை அன்னன்னைக்குப் பொறுக்கச் சொல்லியும் சிலர் மறுநாளைக்கு மிச்சம் வெச்சு அது பூச்சி பிடிச்சு நாறிப்போச்சே (யாத்திராகமம் 16), கஞ்சியை ஃப்ரிட்ஜுல வைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும், இன்னைக்கு மட்டும் சமாளிக்கிறதுக்கு வேண்டிய பெலன் இன்னைக்குக் கிடைச்சிருக்கு, அடுத்த மாசத்துக்கானதை இப்பவே தேடிக் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேனான்னு.

ஒண்ணு மனசார சொல்றேன். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்லாம, சாப்பாடு இறங்காம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா டாக்டரைப் பாருங்க, சாகணும்னு நினைப்பு வந்தா ரெண்டு வாரம் காத்திருக்காம அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது விசுவாசக் குறைச்சல் இல்ல. எலியாவே அப்படி ஒரு ஜெபம் பண்ணினவர்தான், கர்த்தர் அவரைத் தள்ளல.

கடைசிப் படி: இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போறது

அடுத்த தடவை அளவை ரெட்டிப்பாக்கி வெச்சு பாதியை எடுத்துட்டுப் போங்க. ஏதாவது வேணும்னா சொல்லுங்கன்னு கேட்டா சோர்ந்து இருக்கிறவங்க ஒண்ணும் வேணாம்னுதான் சொல்லுவாங்க, எனக்கும் அப்படித்தான் வாயில வந்துச்சு. "சாயங்காலம் ஆறு மணிக்குக் கஞ்சி கொண்டு வர்றேன், ஏதாவது சாப்பிடக் கூடாதது இருக்கா"ன்னு கேளுங்க. கிட்னி பிரச்சனை, பிரஷர் இருக்கிறவங்களுக்குப் பருப்பும் உப்பும் அளவா இருக்கணும், அதைக் கேக்காமக் கொடுத்துடாதீங்க.

உள்ள கூப்பிட்டா போங்க, ஆனா பேச்சைக் குறைச்சுக்கோங்க. எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில அவரோட சும்மா உக்காந்திருந்தாங்க, அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான், விளக்கம் சொல்ல ஆரம்பிச்சப்புறம்தான் எல்லாம் தப்பாப் போச்சு. பேதுரு ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்துல நின்னுதான் இயேசுவைத் தெரியாதுன்னு சொன்னார் (யோவான் 18), உயிர்த்தெழுந்த இயேசு கரையில இன்னொரு கரிநெருப்பு போட்டு மீனும் அப்பமும் வெச்சு முதல்ல சாப்பிட வாங்கன்னார், சீஷர்கள் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் பேதுருகிட்ட என்னை நேசிக்கிறியான்னு கேட்டார் (யோவான் 21). ராத்திரி முழுக்க வலை வீசியும் ஒண்ணும் கிடைக்காம இருந்தவங்க. கேள்வி இருந்துச்சு, ஆனா மீன் முதல்ல.

பாத்திரம் நல்லதா இல்லாம திருப்பித் தர வேணாம்னு சொல்லக்கூடியதா எடுத்துக்கோங்க, கழுவிக் கொண்டு வந்து தரணுமேங்கிறது கூட அந்த நேரத்துல அவங்களுக்குப் பாரம். சூடு நிக்க மூடி மேல ஒரு துண்டு சுத்துங்க. அவங்க கதவைத் திறக்கலன்னா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொல்லை பண்ண வேணாம், வாசல்ல வெச்சிட்டு ஒரு மெசேஜ்: "கஞ்சி வெளிய இருக்கு. பாத்திரம் உங்களுக்கே. ஆறியிருந்தா அரை டம்ளர் சுடுதண்ணி ஊத்திக் கலக்கிக்கோங்க."